பின்சுவரில் வைத்த வாசல்

பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். நீங்களும் இப்போது அப்படித்தான் எழுந்து போகப் போகிறீர்கள், தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, வேலை பார்த்த மில் மூடியபின் நான் கொத்தனார் வேலைக்கு வந்திருந்த சமயம். கோரிமேட்டைத் தாண்டி ஒரு ஊரில் ஆறு ஓட்டு வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி, தார் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். பஸ்ஸில் போகிறவர்களுக்கு வறட்டி தட்டிய பின்சுவர்தான் தெரியும். கட்டினவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. அந்தக் காலத்தில் சந்தைக்குப் போகிற வண்டிப்பாதை அந்தப் பக்கம் இருந்தது, பாதையைப் பார்த்து வாசல் வைத்தார்கள். இப்போது பாதை கரும்புக் கொல்லையாகிவிட்டது, வாசல் மட்டும் மாறவில்லை.

நாலாவது வீட்டு அஞ்சலை அக்காவின் புருஷன் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவர். முதுகுப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வாரம் இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வரப்பில் தூக்கிக்கொண்டு சுற்றித்தான் ரோட்டுக்கு வர முடியும், அதற்கு முந்தின வாரம் மழையில் அவரோடு சேர்ந்து அக்காவும் சேற்றில் விழுந்திருக்கிறார். பின்சுவரில் ஒரு வாசல் வை என்று என்னைக் கூப்பிட்டார். மற்ற ஐந்து வீட்டாரும் குறுக்கே நின்றார்கள். வரிசையில் ஒரு வீடு முதுகைத் திறந்தால் ஆறு வீட்டு லட்சுமியும் அந்த வழியாகப் போய்விடுமாம்.

"எங்க வூட்ல லட்சுமி எப்ப இருந்தா, போறதுக்கு? நீ இடிப்பா. நாளைக்குக் காலைல அவர இந்தப் பக்கமாத்தான் கொண்டுபோவேன்" என்றார் அக்கா.

எனக்கும் வீம்பு வந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்குப் பயந்து சித்தாள் வரவில்லை, நான் ஒண்டியாக உள்ளேயிருந்து இடிக்க ஆரம்பித்தேன். மண்சாந்து வைத்த செங்கல் சுவர், ஒவ்வொரு கல்லாகப் பெயர்ந்து வந்தது. பட்டப்பகல், பன்னிரண்டு மணி இருக்கும். கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்ததும் ஒரு கல்லை வெளியே தள்ளினேன். நம்பினால் நம்புங்கள், அது கீழே விழுகிற சத்தம் வரவில்லை. அடுத்த கல்லை நீட்டினேன். அந்தப் பக்கம் யாரோ வாங்கிக்கொண்டார்கள், சித்தாள் வாங்குகிற மாதிரி, அடியில் கை கொடுத்து, பதமாக.

குனிந்து பார்த்தால் ரோட்டில் ஈ காக்கை இல்லை. வரப்பைச் சுற்றி ஓடிப்போய்ப் பார்த்தேன், கற்கள் சுவரோரம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. கடப்பாறையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. உள்ளே வந்தால், அக்காவின் புருஷன் கட்டிலில் கிடந்தபடி அந்த ஓட்டையில் வந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். யாராக இருந்தால் எனக்கென்ன, வாங்குகிறவர் வாங்கட்டும் என்று கல்லைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மேலே பலகை தாங்கல் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் வாசலைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கி, நாலே எட்டில் ரோட்டுக்கு வந்தோம். ஆட்டோவில் ஏற்றியதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"கால அவ்ளோ பதமாத் தாங்கிப் புடிச்சுனு வந்தாரே, அவரு யாரு தம்பி?"

நாங்கள் இரண்டே பேர்தான், இரண்டு பேர் கையும் நாற்காலியில்தான் இருந்தது. அவர் காலில் நெருப்பை வைத்தாலும் அவருக்குத் தெரியாது.