மொன்றியலில் போட்ட முதல் வோட்டு

2008ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நடந்தது இது. அப்போது நான் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அபார்ட்மென்டில் இருந்தேன். வீட்டு ஒப்பந்தம் என் நண்பனின் பெயரில். கோடையில் நான் குடிவந்த இரண்டாம் வாரமே அவன் கல்யாணம் கட்டிக்கொண்டு டொரன்டோவுக்குப் போய்விட்டான். மிஞ்சியது நானும் அவன் விட்டுப்போன டிவியும்தான்.

வேலை சென்ட் லோரன்டில், மருந்துப் பெட்டிகள் அடுக்கும் கிடங்கில். பின்னேரம் நாலரைக்கு வீட்டுக் கதவைப் பூட்டினால் மறுநாள் காலை பஸ் ஏறும்வரை வாய் திறக்க ஆளில்லை. ஆகவே டிவியோடு கதைத்தேன். அந்த வருடம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் ஒரே அமர்க்களம். போட்டியாளர் இருவரும் ஒரே மேடையில் நின்று முகத்துக்கு முகம் வாதாடுவார்கள். "டேய், கேட்ட கேள்விக்குப் பதிலைச் சொல்லடா!" என்று நான் சோஃபாவில் இருந்து கத்துவேன். ஒருநாள் பக்கத்து வீட்டு மனுஷி சுவரில் தட்டினார். அறுபது வயதுக்கு மேலிருக்கும், பிரெஞ்சுக்காரி. அதற்குப் பிறகு தாழ்வாரத்தில் அவரைக் கண்டால் ஒரு 'பொன்ஜூர்' சொல்லிவிட்டு நழுவிவிடுவேன்.

வேலையிடத்தில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டில் அவரைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்கத் தேர்தலையும் ஊரில், இலங்கையில் நடந்த பழைய ஜனாதிபதித் தேர்தலையும் ஒப்பிட்டு அளப்பேன். "எங்கட ஆக்கள் ஒருநாளாவது இப்பிடி ஒரே மேடையில நிண்டு கதைச்சவையோ அண்ணை?" என்பேன்.

மனுஷன் ஒருநாள் பொறுமை இழந்துவிட்டார்.

"அமெரிக்காவில உனக்கு வோட்டோ இருக்கு? வாற செவ்வாய்க்கிழமை இஞ்ச கனடாத் தேர்தல். சிட்டிசன் எடுத்திட்டாய்தானே? முதல்ல அதைப் போய்ப் போடு!"

சுருக்கென்றது. ஏனென்றால் முப்பத்தாறு வயதாகியும் நான் ஒரு வோட்டுக்கூடப் போட்டதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த அந்த ஊர்த் தேர்தலுக்கு, சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு பத்து மணிக்குப் போனேன். பட்டியலைப் பார்த்த அலுவலர், "தம்பி, உம்மட வோட்டு விழுந்திட்டுதே" என்றார். என் பெயரில் எவனோ கள்ள வோட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தான்! மை படாத என் விரலைக் காட்டினேன். அவர் வாசலில் நின்ற சிலரைக் கண்ணால் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் பயம், பேசாமல் வந்துவிட்டேன். அடுத்த தேர்தல் வருவதற்குள் நாட்டைவிட்டே வெளிக்கிட்டாயிற்று.

அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டு, யாரும் என்னை முந்திவிடக் கூடாது என்று, கதவு திறக்க ஒரு மணி நேரம் முன்பே வாக்குச்சாவடிக்குப் போய் நின்றேன். தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம். குளிரில் நான் மட்டும்தான் நின்றேன். இங்கே கள்ள வோட்டு என்ற பேச்சே இல்லை என்று எனக்கு யார் சொல்வது?

திறந்ததும் முதல் ஆளாக மேசைக்குப் போய் சிட்டிசன் கார்டையும் மருத்துவ அட்டையையும் பெருமையோடு வைத்தேன். மேசையில் இருந்த இளம்பெண் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டிலும் விலாசம் இல்லை. ஏதாவது பில் இருக்கிறதா என்று கேட்டாள். கரண்ட் வாடகையோடு சேர்ந்தது. வங்கிக் கடிதம் எல்லாம் பழைய விலாசத்துக்குத்தான் போகும். இந்த வீட்டு விலாசமும் என் பெயரும் ஒன்றாக இருக்கும் ஒரு துண்டுக் கடதாசிகூட என்னிடம் கிடையாது.

பரவாயில்லை என்றாள் அவள். இதே வட்டாரத்து வாக்காளர் ஒருவர், உங்களைத் தெரிந்தவர், சத்தியம் செய்து சொன்னால் போதும். அப்படி யாராவது இருக்கிறார்களா?

யாரைச் சொல்வேன்? மூலைக் கடைக்காரருக்கு என் முகம் தெரியும், பெயர் தெரியாது. ஊரில் நான்தான் என்று சொல்லி எவனோ வந்து நின்றான். இங்கே நான்தான் நான் என்று சொல்ல ஒரு ஆளில்லை. 'ஒருவரும் இல்லை' என்றேன். கார்டுகளை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அதற்குள் சேர்ந்துவிட்ட வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் அந்தப் பக்கத்து வீட்டு மனுஷி. என் கையைப் பிடித்து நிறுத்தினார். "எனக்கு இவரைத் தெரியும்" என்று அந்தப் பெண்ணிடம் பிரெஞ்சில் சொன்னார். எப்படித் தெரியும் என்று அவள் கேட்க, மனுஷி மளமளவென்று கொட்டினார். என் அரைகுறைப் பிரெஞ்சுக்கும் அது விளங்கியது. "கோடையிலிருந்து என் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார், தினமும் பின்னேரம் அமெரிக்கத் தேர்தலைப் போட்டு டிவியோடு சண்டை பிடிப்பார், இவரைத் தேடி ஒருவரும் வருவதில்லை, பாவம், தனி ஆள்."

மண்டபமே கேட்டுக்கொண்டிருந்தது. மானம் போய்விட்டது. ஆனால் மனுஷி தன் அடையாள அட்டையை எடுத்து வைத்து, கையைத் தூக்கிச் சத்தியம் செய்து, கையெழுத்தும் போட்டார். மறைப்புக்குள் போய்ப் பென்சிலை எடுத்தேன். வோட்டை நானே போட்டேன்.

வெளியே அவருக்காகக் காத்திருந்து 'மெர்சி' என்று நன்றி சொன்னேன். சுவரில் தட்ட வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் அதைக் கையால் தள்ளிவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"போன கிழமை இரண்டு நாள் உன் வீட்டில் சத்தமே இல்லை. உன் கதவு வரைக்கும் வந்தேன். பெல் அடிக்கலாமா என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டேன். நானும் தனியாகத்தான் இருக்கிறேன்."

அந்த இரண்டு நாளும் காய்ச்சலில் கிடந்தேன். நான் செத்தாலும் ஒருவருக்கும் தெரியாது என்று போர்வைக்குள் அழுதுகொண்டு கிடந்தேன். நடைபாதையிலேயே கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல் பார்த்துவிட்டேன், வோட்டும் போட்டுவிட்டேன். ஆனாலும் பின்னேரங்களில் வீடு வெறிச்சென்று தோன்றும்போது, என் பெயர்கூடத் தெரியாமலே என் கதவுக்கு வெளியே கவலையோடு ஒருவர் நின்றுவிட்டுப் போயிருக்கிறார் என்பதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.