கோப்பிக்கு வைத்த தண்ணீர்

இந்நிகழ்ச்சியை எங்கள் உறவினர் ஆளுக்கொரு விதமாகப் பெருக்கிச் சொல்லிவருகின்றனர். ஆதலால் நேரில் கண்டதையும் உரியவரிடம் கேட்டு உறுதிசெய்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

இலங்கையில் கண்டியை அடுத்த ஹந்தானை மலையில் ஒரு கோப்பித் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். மலையில் கோப்பிப் பழம் அளந்துகொண்டிருந்த வேளையில், வீட்டில் என் மகள் மூச்சுத் திணறலோடு பிறந்தாள். கண்டியிலிருந்து எங்கள் கத்தோலிக்கக் கோவில் சுவாமியார் வரும்வரை உயிர் தங்குமென்று ஒருவரும் நம்பவில்லை. பிரசவத்துக்குத் துணையிருந்த அடுத்த வீட்டுப் புரொட்டஸ்தாந்து உபதேசியாரின் மனைவி, என் மனைவி கெஞ்சியதற்கிணங்கி, குழந்தையின் தலையில் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்தார். குழந்தை பிழைத்தது, என் கலக்கம் அதன்பின் தொடங்கியது. எங்கள் திருச்சபையை விட்டுப் பிரிந்த பதிதர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?

சுவாமியார் வந்ததும் அந்த அம்மாளையே அழைத்து விசாரித்தார்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேராலதாங்க ஊத்தினேன், சாமி. தண்ணி மட்டும் வெதுவெதுன்னு இருந்திச்சு. கோப்பிக்கு வச்சது."

சுவாமியாரின் முகம் மாறியது. "தூள் போட்டாயிற்றா?"

"இல்லீங்க. போடப் போனப்பதான் கூப்பிட்டாங்க."

"அப்படியானால் செல்லும். போட்டிருந்தால் அது வெறும் தண்ணீராகாது, அப்போதுதான் சிக்கல். அவர்கள் கொள்கை பிழை, தண்ணீர் பிழையன்று. மறுபடி கொடுத்தால் பாவம் எனக்கு" என்றார் என்னிடம்.

எனக்கு மூச்சு வந்தது. அம்மாளுக்கோ அப்போதுதான் போயிற்று.

"அப்ப நான் ஒரு கத்தோலிக்கப் புள்ளைய உண்டாக்கிட்டேனா? எங்க பாதிரியாருக்கு என்னங்க சொல்லுவேன்?"

"முதலில் கோப்பி கொடுங்கள், அம்மா. பிறகு சொல்லுங்கள்" என்றார் சுவாமியார்.

அந்த அம்மாள் தம் பாதிரியாரிடம் என்ன சொன்னார், சொன்னாரா என்பதே எனக்குத் தெரியாது.