குழி ராகியும் என் மூக்கும்

எனக்கு எண்பத்திரண்டு வயசு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன், எழுதுவது பொய்யில்லை.

பாலக்கோட்டுப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்ட வூட்டில், ராகியைக் களத்தோரம் குழியில் கொட்டி, பலகைக்கல்லால் மூடி மண்ணால் மெழுகிவிடுவார்கள். வருஷக்கணக்கில் கிடக்கும். திறக்கிற அன்றைக்கு முதலில் கயிற்றில் விளக்கை இறக்குவார்கள். அணைந்தால் யாரும் இறங்கக்கூடாது. நின்று எரிந்தால் ஒருத்தர் இறங்கி ஒரு முறம் அள்ளிக் கொடுப்பார். அதை மோந்து, தின்ன ஆகுமா ஆகாதா என்று சொல்வது நான். பக்கத்து ஊர்க் குழிகளுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் மழை பொய்த்து, ஏழு வருஷக் குழி ஒன்றைத் திறந்தார்கள். என் தலைச்சன் பிறந்து இருபது நாள். காய்ச்சல் விட்டு அப்போதுதான் எழுந்திருந்தேன்.

“பச்சை ஒடம்புக்காரி எங்கடி கெளம்பிட்டே? உம் மூக்கு ஒருநாள் சும்மா இருந்தா ஊரு பட்டினி கெடக்குமா?” என்றாள் மாமியார்.

“நான் மோந்து சொல்லாத ராகியை யாருங்க அத்தை தின்பாங்க?” என்றேன். அவ்வளவு கர்வம்.

முறத்தில் முகத்தைப் புதைத்து இழுத்தேன். சாம்பல் நிறத்தில் தூசி புகை மாதிரி எழும்பியது. “பூசணம். மாட்டுக்கும் ஆகாது” என்றேன்.

அன்றிலிருந்து பாலில், பூவில், பிள்ளையின் தலையில்கூட அந்தக் குழி வாடைதான். பிறகு ஒரு வாடையும் இல்லை. மூக்கு ஒருபக்கம் அடைத்து, கறுப்பாய்ப் பொருக்கு விழுந்தது. எனக்குத் தெரியாத நாற்றத்துக்கு மற்றவர்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். பிள்ளை மாரில் வாய் வைக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தியது.

மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். “குழி உனக்குள்ளார வந்து குந்திக்கிச்சு. அது போற வரைக்கும் புள்ளையைத் தொடாதே.”

பிள்ளைக்கு ஆட்டுப்பால். நான் என் பாலைச் சுவரோரம் பீச்சிவிட்டேன். பிள்ளை இளைத்துக்கொண்டே போனது.

கடைசியில் என்னைக் கொண்டுபோன தர்மபுரி ஆசுபத்திரியில் டாக்டர் என் மூக்குக்குள்ளிருந்து சுரண்டித் தட்டில் போட்டார். பழைய களி உருண்டைமேல் பூத்தது மாதிரி இருந்தது.

“இது குழியில இருந்த பேயிங்களா?”

“பூசணம்மா. காத்துல இருக்கறதுதான். எல்லார் மூக்குலயும் கொஞ்சம் குடியிருக்கும், என் மூக்குலயும்தான். ஒடம்பு தளந்த நேரத்துல நீ ஒரேயடியா உள்ள இழுத்துட்டே. விட்டிருந்தா கண்ணுக்கு ஏறியிருக்கும்.”

பேய் என்று சொல்லியிருந்தால்கூட தைரியமாய் இருந்திருப்பேன். அதன்பிறகு யார் முகத்தைப் பார்த்தாலும் மூக்குத் துவாரம்தான் தெரிந்தது. உள்ளே சத்தமில்லாமல் காத்துக்கிடக்கிறது.

வூட்டுக்கு வந்ததும் மாமியார் என் முகத்தை மோந்து பார்த்தாள், நான் முறத்து ராகியை மோந்த மாதிரியே. பிள்ளையை என் மடியில் போட்டாள். அது வாய் வைத்தது. குனிந்து அதன் உச்சியை மோந்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்றுவரை எதுவும் தெரிவதில்லை.

இதை எழுத எனக்கு ரெண்டு மழைக்காலம் ஆச்சு. நோட்டு பரண்மேல்தான் கிடந்தது. பேத்தி, மொதல்ல நோட்டைத் தூரமாப் பிடிச்சு, பூசண வாடை அடிக்குதான்னு சொல்லு. அடிக்கலைன்னா மொதல்ல இருந்து படி, கேக்கறேன்.