பெயிண்ட் படாத ஏழு சதுரங்கள்

கல்யாணமான முதல் இரண்டு வருடம் என் மனைவி தையற்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். ரவிக்கையில் கொக்கியே நிற்பதில்லை என்பது அவள் குறை. கொக்கிகள் உண்மையில் நான் செய்த மாதிரிக் கப்பலின் மேல்தளத்தில் கயிறு கட்டும் வளையங்களாக இருந்தன. அவள் ஹேர்பின்களை நிமிர்த்திக் கைப்பிடிக் கம்பிகள் செய்திருந்தேன். துடைப்பத்து ஈர்க்குச்சிகள் சரக்குத் தூக்கும் கைகளாக நின்றன. ஒருநாள் தூசி தட்டப் போனவள் கப்பலை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் சொத்துகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டாள். அன்று எனக்குக் காப்பி கிடைக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. திலக் நகரில் ஒரு அறை, ஒரு சமையலறை. எனக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் குமாஸ்தா வேலை. காலையிலிருந்து மாலை வரை சரக்குக் காகிதங்கள். சுவரில் மட்டும் வருடத்துக்குப் பன்னிரண்டு கப்பல்கள், காலண்டரில். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கப்பல் கட்டக் கற்றேன். தேயிலைப் பெட்டியின் பிளைவுட், வஜ்ஜிரப் பசை, சவர பிளேடு, மெழுகு தேய்த்த நூல், இவைதான் என் கப்பல் பட்டறை. பதினாறு அடிக்கு ஒரு அங்குலம் என்பது என் கணக்கு. அதில் ஒரு நூல் பிசகினாலும் பிய்த்துப் போட்டு மறுபடி செய்வேன். பிறர் பிசகினால் சும்மா விடமாட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்பது என் மதிப்பீடு.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை என்பது போகப் போகத் தெரிந்தது. குர்லாவில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் பித்தளையில் துவரம்பருப்பு அளவுக்கு நங்கூரம் கடைந்து கொடுப்பார். மான்குர்த்திலிருந்து ஒரு டிராயிங் மாஸ்டர் வருவார். மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் தாராவிக்காரர், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். டாக்கில் கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். நாங்கள் அண்ணாச்சி என்றே கூப்பிட்டோம். அவர் விரல் நகங்களில் எந்நேரமும் ஒரு செங்காவி நிறம் ஒட்டியிருக்கும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டில் கூடுவோம். ஒருவர் கப்பலை ஸ்டூலில் வைக்க வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு குறை சொல்ல வேண்டும். குறை சொல்லாதவருக்குக் காப்பி கிடையாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான். அப்படித்தான் கை தேறும் என்று நம்பினேன். எனக்கு அதில் இருந்த சந்தோஷத்தையும் சொல்லிவிட வேண்டும். குறை கண்டுபிடிப்பதில் எனக்கு ஈடு யாரும் இல்லை.

அந்த வருடம் மாட்டுங்காவில் ஒரு சங்கத்தார் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். எம்பிராய்டரி, தஞ்சாவூர்ப் படம், பாசிமணித் தோரணம் இவற்றுக்கு நடுவில் எங்களுக்கும் ஒரு மேஜை கொடுத்தார்கள். சேதி கேட்டதும் அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல்.

"சார், எங் கப்பலையும் வைக்கலாமா? வீட்டுக்காரிய கூட்டிட்டு வரணும். கல்யாணமாகி இருபது வருசமாச்சு, நான் என்ன வேலை பாக்குதேன்னு அவ பாத்ததே இல்ல."

"டாக்குக்குள்ள அழைச்சிண்டு போய்க் காட்டலாமே?" என்றேன்.

"பொம்பளையாள உள்ள விடமாட்டான். அப்படியே வெளிய நின்னு பாத்தாலும் என்ன தெரியும்? நான் அடிக்கது அடிப்பக்கம்லா. கப்பல் தண்ணியில எறங்கிட்டா அம்புட்டும் உள்ள போயிரும். நான் அடிச்சத மீன்தான் சார் பாக்கும்."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த ஒன்றரை மாதம் அவர் எப்படி உழைத்தார் என்பதை லேத்காரர் வந்து வந்து சொல்லுவார். கண்காட்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பழைய வேட்டியில் குழந்தையைச் சுற்றுவதுபோலச் சுற்றிக் கப்பலைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தார்.

மேலே பார்த்தால் சிரிப்புத்தான் வந்தது. ஜன்னல்கள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்து குண்டாக இருந்தது. "இது புகைபோக்கியா, ரசச் சொம்பா அண்ணாச்சி?" என்றேன். அதற்கும் அவர் சிரித்தார். "மேல நான் என்னத்த கண்டேன் சார், கீழ பாருங்க" என்று அவரே கப்பலைத் திருப்பிக் காட்டினார்.

அடிப்பக்கம் முழுவதும் செங்காவிச் சிவப்பு, கண்ணாடிபோல வழவழப்பு. ஆனால் நட்ட நடுவில், முன்னாலிருந்து பின்னால் வரை வரிசையாக ஏழு இடங்களில் பெயிண்டே இல்லை. சின்னச் சின்னச் சதுரங்களாக வெறும் மரம் தெரிந்தது. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது.

"என்ன அண்ணாச்சி, பெயிண்டர் வீட்டுக் கப்பலுக்கே பெயிண்ட் பத்தலையா? ஏழு இடத்துல பொத்தல். இதை வெச்சா மேஜைக்கே அசிங்கம்."

"இல்ல சார், அது வந்து..." என்று தொடங்கினார்.

"அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அடிச்சு எடுத்துண்டு வாங்கோ, அப்புறம் பேசலாம்" என்று நான் முடித்துவிட்டேன். டிராயிங் மாஸ்டர் சிரித்தார். லேத்காரர் கூடச் சிரித்தார். அண்ணாச்சி இந்தத் தடவை சிரிக்கவில்லை. கப்பலை வேட்டியில் சுற்றிக்கொண்டு, "வாரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவருக்கு ஆற்றிவைத்த காப்பி அப்படியே இருந்தது.

என் மனைவி அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"ஏன்னா, அந்த மனுஷர் ஏதோ சொல்ல வந்தாரே, காதுல விழுந்துதா?"

"என்ன பெரிசா சொல்லப் போறார், சோம்பேறித்தனம்" என்றேன்.

"நன்னாருக்கு உங்க கப்பல் சங்கம்" என்று சொல்லிவிட்டுக் காப்பியைப் பாத்திரம் கழுவும் மோரியில் கொட்டினாள். ஒரு சொட்டுக் காப்பியைக்கூட வீணாக்காதவள் அவள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. லேத்காரரிடம் விசாரித்தேன். கண்காட்சிக்குத் தன் கப்பல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குறை சொன்னால் தாங்காத ஆள் எதற்குக் கப்பல் கட்ட வரவேண்டும் என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசினேன். கேட்க ஆளில்லை.

கண்காட்சிக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, ஆபீஸில் பியூன் லீவு. ஒரு காகிதத்தில் கப்பல் அதிகாரியின் கையெழுத்து அவசரமாகத் தேவைப்பட்டதால் நானே போனேன். கப்பல் அப்போது டிரை டாக்கில் இருந்தது. வாசல் கதவை மூடித் தண்ணீரையெல்லாம் இறைத்துவிட்டுக் கப்பலைத் தரையில் உட்கார வைத்து வேலை பார்க்கும் பள்ளம் அது. எட்டு வருடமாகக் கப்பல் ஆபீஸில் வேலை பார்த்தவன், ஒரு கப்பலின் அடிப்பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கிணற்றுத் தவளைக்காவது தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

படியில் கொஞ்ச தூரம் இறங்கினேன். மூன்று மாடிக் கட்டடம் தலைக்கு மேலே தொங்குவது மாதிரி இருந்தது. வயிற்றின் இரண்டு பக்கமும் நீளமாக இரும்புப் பட்டை ஓடியது. கப்பல் புரளாமல் இருக்க அது வேண்டுமாம். என் கப்பல்கள் ஒன்றிலும் அது கிடையாது. காலண்டரில் தெரியாததையெல்லாம் நான் மனம்போல இழைத்திருக்கிறேன், சுமாராகக் கத்தரிக்காய் வடிவத்தில். பட்டை அண்ணாச்சியின் கப்பலில் இருந்தது. அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

பிறகுதான் அதைக் கண்டேன். கப்பலின் அடியில், நடுவில், வரிசையாகப் பெரிய மரக்கட்டைகள். கப்பலின் முழு பாரமும் அவற்றின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. கட்டை தொடும் இடத்தில் பிரஷ் எப்படிப் போகும்? சுற்றிலும் புதுச் சிவப்பு. கட்டைக்கு மேலே மட்டும் வெறுமை. கப்பல் தண்ணீரில் இறங்கும்போது அந்தச் சதுரங்கள் பெயிண்ட் படாமலேயே போகும். கட்டையைத் தள்ளிப் போட்டு அடுத்த தடவை உட்கார வைத்தால்தான் அடிக்க முடியும்.

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அண்ணாச்சியின் கப்பலில் இருந்த சத்தியத்திலேயே பெரிய சத்தியத்தைத்தான் நான் பொத்தல் என்று சொல்லியிருக்கிறேன்.

கயிற்றில் தொங்கிய பலகையில் நான்கைந்து பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அண்ணாச்சி. மூக்கிலும் சிவப்பு. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். கீழேயிருந்து கத்தினேன்.

"அண்ணாச்சி! நான் முட்டாள்! அந்த ஏழு இடம் சரிதான்! என்னை மன்னிக்கணும்!"

பலகையில் இருந்த மராட்டிக்காரர் ஒருவர் என்ன ஆயிற்று என்று புரியாமல், "காய் ஜாலா?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார். அண்ணாச்சி பலகையை இறக்கச் சொல்லி என்னிடம் வந்தார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கூச்சம்தான் இருந்தது.

"எதுக்கு சார் சத்தம் போடுதீய, முக்காதம் மேஸ்திரி பாக்கான். நீங்க சொன்ன அன்னைக்கே அந்த இடத்துக்கெல்லாம் அடிச்சிட்டேன். இப்ப ஒரு பொத்தலும் இல்ல. ஆனா அதப் பாத்தா எனக்கே எங் கப்பலா தெரியல. கடையில வாங்குன கப்பல் மாதிரி இருக்கு. அதான் வேண்டாம்னுட்டேன்."

அவர் என் சொல்லைக் கேட்டிருக்கிறார். இதைவிட என்னை அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். அழுகை வரும்போல இருந்தது. கையெழுத்து வாங்க வேண்டிய காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். மத்தியானமே சவர பிளேடுகளோடு தாராவிக்குப் போனேன். அவர் வீட்டு வாசலில் கயிற்றில் இரண்டு சட்டைகள் காய்ந்தன. துவைத்தும் போகாத சிவப்புத் திட்டுகள் அவற்றில் இருந்தன. அவர் மனைவி ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தார். நாங்கள் கப்பலைக் கவிழ்த்து, அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஏழு சதுரங்களையும் சுரண்டினோம்.

"என்னங்க, அடிச்சதப் போயி யாராச்சும் சுரண்டுவாவளா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நாளைக்கு வா, தெரியும்" என்றார் அண்ணாச்சி.

வீட்டுக்கு வந்ததும் என் கப்பலை எடுத்தேன். இரண்டு வருட உழைப்பு. தண்ணீர்க் கோட்டுக்கு நேரே ரம்பத்தை வைத்து, கத்தரிக்காயை அப்படியே அறுத்துத் தள்ளினேன். மேல்பாதியை நீலம் பூசிய பலகையில் ஒட்டினேன். கப்பல் கடலில் நிற்பதுபோல ஆகிவிட்டது, பொய்யும் ஒழிந்தது. ஆனால் அண்ணாச்சியின் கப்பலை மேஜையில் வைத்தால் அடிப்பக்கம் யாருக்குத் தெரியும்? கவிழ்த்து வைத்தால் கப்பலுக்கு மரியாதை இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி உள்ளேயிருந்து வந்தாள். சுவரில் மாட்டியிருந்த தன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"கொக்கி போயாச்சு, பின் போயாச்சு. இது மட்டும் எதுக்கு மிச்சம்? கப்பலுக்கு அடியில வையுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை, லேத்காரர் கடைந்த இரண்டு பித்தளைத் தூண்களின் மேல் அண்ணாச்சியின் கப்பல் நின்றது. கீழே கண்ணாடி. என் கப்பலைப் பார்த்த ஒரு மாமி, "இதுக்கு அடிப்பக்கம் எங்கே?" என்று கேட்டார். "தண்ணிக்குள்ள இருக்கு மாமி" என்றேன்.

பதினொரு மணிக்கு அண்ணாச்சி மனைவியோடு வந்தார். சர்ச்சிலிருந்து நேராக வந்திருந்தார்கள், அந்த அம்மாள் கையில் பைபிள்கூட இருந்தது. கப்பலின் மேல்பக்கத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். ரசச் சொம்பு அவர் கண்ணிலும் பட்டிருக்கும். பிறகு குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். விரலால் எண்ணினார்.

"என்னங்க, நேத்து சுரண்டுன இந்த ஏழு எடத்துல மட்டும் ஏன் பெயிண்ட் கூடாது?"

நான் கேட்டதும் இதே கேள்விதான். கேட்டுவிட்டு நான் காத்திருக்கவில்லை, அந்த அம்மாள் காத்திருந்தார். அண்ணாச்சி சொல்ல ஆரம்பித்தார். கட்டை, கப்பலின் பாரம், சுரண்ட வேண்டிய சிப்பி, பாசி, பலகையில் தொங்குவது, பெயிண்ட் காயும் முன் தண்ணீர் விட்டுவிடுவார்களோ என்ற பயம். எம்பிராய்டரி பார்க்க வந்தவர்களெல்லாம் சுற்றி நின்று கேட்டார்கள். நானும் அப்போதுதான் முழுதாகக் கேட்டேன். அடுத்த ஞாயிற்றிலிருந்து எங்கள் சட்டம் மாறியது. குறை சொல்லும் முன் கட்டியவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், பதிலை முடிக்க விட வேண்டும். அதை மீறிக் காப்பியை இழந்தவன் பெரும்பாலும் நான்தான்.

அண்ணாச்சி பேசி முடித்ததும் அந்த அம்மாள் மறுபடியும் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கணவரின் கையைப் பிடித்து இழுத்து, நகத்தைக் கப்பலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம்.

"ஏ யம்மா, இதுதானா? இருபது வருசமா மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சுத் தேச்சு நான் தொவைக்க செவப்பு இதுதானா?" என்று சத்தமாகச் சிரித்தார். "கப்பல்ல எம்புட்டு அழகா இருக்கு!"