அப்பாவின் நெஞ்சும் டிக்கியில் ஒளித்த பெட்டியும்

என் அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவர் போட்ட சட்டங்களில் ஒன்று, ஓடுகிற வண்டியில் பாட்டு கூடாது என்பது. வண்டி ஏதாவது சொன்னால் காதில் விழ வேண்டுமாம். பக்கத்திலேயே இன்ஜின் அலறி அலறி அவர் காது பாதி போயிருந்தது. வண்டி கத்தினால்கூட அவருக்கு விழாது. அதைச் சொல்லிவிட்டால் வீட்டில் இரண்டு நாள் பேச்சு இருக்காது.

நான் திண்டிவனத்திலிருந்து தினமும் காரில் விழுப்புரம் போய் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பாட்டென்றால் பேஸ் வேண்டும், மேளம் அடிவயிற்றில் இறங்க வேண்டும். நாற்பது வயதுக்காரி, சொந்தச் சம்பளத்தில் வாங்கிய காரில் பாட்டுக் கேட்க அப்பாவிடம் அனுமதி வாங்க வேண்டுமென்றால் கோபம் வருமா வராதா? ஒளித்தாவது கேட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

விழுப்புரத்தில் கார்களுக்கு செட் மாட்டும் பாய் ஒருவர் இருந்தார். கோட்டக்குப்பத்துக்காரர், வளைகுடாவில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில், பேஸ் மட்டும் அதிரும் சப்வூஃபர் ஸ்பீக்கரை வைத்துவிடலாம் என்றார். அப்பா ஞாயிறு தவறாமல் ஸ்டெப்னியில் காற்று பார்ப்பவர் என்றேன். பாய் சிரித்துவிட்டு டிக்கியின் இடது பக்க உறையைக் கழற்றினார். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பொந்து இருந்தது. ஃபைபர் துணியை ரெசின் பசையில் நனைத்து அதற்குள் அடுக்கடுக்காக ஒட்டினார். காய்ந்ததும் பொந்தின் வடிவத்திலேயே ஒரு பெட்டி கிடைத்தது. அதன் முகத்துக்குப் பிளைவுட் அறுத்து ஸ்பீக்கரை மாட்டினார். பிறகு பாட்டைப் போட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி இணைப்புகளின் ஓரமாக மெல்ல நகர்த்தினார். எங்காவது காற்று கசிந்தால் புகை ஆடிவிடுமாம். ஆடவில்லை. மேலே வண்டியில் இருந்த அதே சாம்பல் நிறக் கார்பெட்டை ஒட்டினார்.

“இருக்கறதே தெரியாதுக்கா,” என்றார்.

உண்மைதான். கதவு ஸ்பீக்கர்களை முணுமுணுப்பாக வைத்துவிட்டால் அப்பாவுக்கு ஒன்றும் கேட்காது. சனிக்கிழமைதோறும் அத்தையைப் பார்க்க அவர் என்னோடு விழுப்புரம் வருவார். முன் சீட்டில் உட்கார்ந்தால் கால் தானாக பிரேக்கைத் தேடுகிறது என்று பின்னால்தான் உட்காருவார், அதுவும் இடது மூலையில். பெட்டி அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. கணக்கு நடத்துகிறவளுக்கு இந்தக் கணக்கு மட்டும் தோன்றவில்லை.

இரண்டு மாதத்தில் அப்பா கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனார். சட்டம் பேசுவதை விட்டார். ஸ்டெப்னியை மறந்தார். தவக்காலம்கூட இல்லை, மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். ஒரு சனிக்கிழமை, அத்தை வீடு வேண்டாம், டாக்டரிடம் போகலாம் என்றார். நெஞ்சு சரியில்லையாம். பெரியப்பா மாரடைப்பில் போனவர். உடனே வண்டியை எடுத்தேன்.

விக்கிரவாண்டி டோலைத் தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“அடிச்சிக்கினே இருக்குதும்மா. ஓரங்கட்டு.”

ஓரங்கட்டினேன். ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை அணைக்கவில்லை. பின்கதவைத் திறந்து, அவரை நகரச் சொல்லி, அந்த மூலையில் உட்கார்ந்து அவர் நெஞ்சில் கை வைத்தேன். திம் திம் என்றது. என் நெஞ்சும் திம் திம் என்றது. இரண்டும் ஒரே தாளத்தில் அடித்தன. என் செட், சாவியைத் திருப்பினால் தானே பாட ஆரம்பிக்கும். பதற்றத்தில் அது பாடிக்கொண்டிருந்ததே எனக்கு உறைக்கவில்லை.

முன்னால் எட்டி அதை அணைத்தேன்.

“நின்னுடுச்சி,” என்றார் அப்பா. அதற்கும் பயந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் சொன்னேன். அவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப எனக்கு ஒன்னும் இல்லியா?”

“ஒன்னும் இல்லப்பா.”

அதன் பிறகுதான் திட்ட ஆரம்பித்தார். விழுப்புரம் வரைக்கும் வாய் ஓயவில்லை. அவர் திட்டத் திட்ட எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்தது வந்தோம் என்று ஈசிஜி எடுத்தோம். இந்த வயதுக்கு இதயம் நன்றாகவே இருக்கிறது என்றார் டாக்டர். அப்பா பெட்டியைக் கழற்றச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. திரும்பும்போது முன் சீட்டுக்கு மாறி, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஞாயிறு பூசைக்கு மடிப்புக் கலையாத புது வேட்டி சட்டையில் கிளம்பினார். திருவிழாவும் இல்லை, கல்யாணமும் இல்லை, ஏது இது என்று கேட்டேன். அவரை அடக்கம் பண்ணும்போது நாங்கள் தேடி அலையக்கூடாதென்று, ஜெபமாலையோடு சேர்த்து பீரோவில் தனியாக வாங்கி வைத்திருந்தாராம்.

“சும்மா கெடந்து வீணாப் போவுது,” என்று சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். “போட்டுக் கிழிப்போம்.”