டீச்சர் ஏறிய மூன்று மாடி

தலைவர் பேச்சை நீட்டும்போதெல்லாம் டீச்சரின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் நோயாளர் சந்திப்புச் சபை கூடுகிறது. ஒரு நீள மேசை, பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் இரண்டு பலகை. அஞ்சலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற தலைவர் 'தன்னலமற்ற சேவை' என்று மூன்றாவது தடவை சொல்லும்போது, மேசைக்கு அடியில் தட்டென்று ஒரு செருப்புச் சத்தம் கேட்கும். டீச்சர் இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவருடைய வண்டியில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. "நான் வேணும்னு பண்றதில்லப்பா. எதிர்ல ஏதோ வருதுன்னு காலுக்கே தெரிஞ்சு போயிடுது" என்பார்.

ஐம்பத்தைந்து வயது. குட்டையான, கெட்டியான உடம்பு. கூந்தலை இறுக்கி முடிந்திருப்பதில் புருவம் சற்று மேலே ஏறி, எந்நேரமும் யாரையோ விசாரிக்கிற முகம். காரின் பின்பக்கத்தைத் திறந்தால் மடக்கு சக்கர நாற்காலி, ரப்பர் விரிப்பு, பழைய துண்டுகள், வாந்தி வந்தால் பிடிக்க ஒரு சின்ன வாளி. சபையில் ஆளுக்கொரு பட்டியல் உண்டு. டீச்சரின் பட்டியலில் ஒன்பது பேர். அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொண்டு வருவதும் பயிற்சி வகுப்பும் ஒரே பயணம்தான். ஓட்டப் பழகுகிறவர் முன்னால், நோயாளி பின்னால். "பள்ளத்துல விட்டேன்னா பின்னாடி இருக்கற அம்மாவுக்குத் தையல் பிரிஞ்சிடும். அப்புறம் உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவரிடம் கற்றவர்கள் யாரும் வண்டியைக் குலுக்கி ஓட்டி ஊரில் பார்த்ததில்லை.

கோபம் அவருக்கு மூக்குக்கு மேலே நிற்கும். மாதம் தவறாமல் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்லுவார். சொல்லிவிட்டு வெளியே வருவதற்குள், வாசலை மறித்து நிறுத்தியிருக்கும் எவனுடைய ஸ்கூட்டரையாவது பார்த்துப் பழைய கணக்கைப் புதிதாகத் தொடங்குவார். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த அவருடைய வீட்டுக்காரர் பேச்சைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவர். அவரே ஒரு நாள், "உன் கோபத்த முழுசா கேட்டா ஃபாதருக்கு மத்தியானச் சாப்பாடு ஆறிப் போயிடும். சுருக்கமா சொல்லிட்டு வா" என்றார்.

ஆனால் போன மாதம் வந்த கோபம் வேறு. அதைப் பாவமென்று சொல்ல டீச்சர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கும் அவரை ஒப்புக்கொள்ள வைக்கும் எண்ணம் இல்லை.

சுவரில் இரண்டு பலகை என்றேனே, அதில்தான் சங்கதி. ஒன்றில் வெள்ளை அட்டைகள்: வீட்டோடு முடங்கிய நோயாளிகளின் பெயர்கள். இன்னொன்றில் ஊதா அட்டைகள்: இறந்து போனவர்கள். ஒருவர் காலமானால் தலைவர் வெள்ளை அட்டையைக் கழற்றி, ஊதாவில் பெயரைத் தன் அழகான கையெழுத்தில் எழுதிக் குத்துவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையான திருப்பலியில் மன்றாட்டு வாசிப்பது இந்த அட்டைகளைப் பார்த்துத்தான். வீடுகளுக்கு நன்மை, அதாவது பூசையில் கொடுக்கும் அப்பம், கொண்டு போகிறவரும் வெள்ளை அட்டைகளைப் பார்த்தே கிளம்புவார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர், கொட்டுகிற மழையிலும் போகிற மனிதர். அட்டை இல்லாத வீட்டுக்கு அவர் எப்படிப் போவார்?

வெள்ளைப் பலகையில் கஞ்சி அக்காவின் அட்டை ஒன்று இருந்தது. பதினெட்டு வருடம் பீடத்துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்துக் கொடுத்தவர் என்பதால் அந்தப் பெயர். பீடத்து விரிப்பு கத்தி மாதிரி மடிந்து நிற்கும். இப்போது இரண்டு முழங்காலும் போய்விட்டன. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி. இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. தனிக்கட்டை. திருப்பலியைக் கைபேசியில் பார்க்கிறார்.

வீட்டோடு முடங்கியதிலிருந்து அவர், சபையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பதியின் பட்டியலில் இருந்தார். ஒருவர் பட்டியலில் இன்னொருவர் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது சபையின் சட்டம். தம்பதி ஒவ்வொரு வெள்ளியும் எழுந்து நின்று, "சந்தித்தோம், செபித்தோம், ஆறுதல் கூறினோம்" என்று அறிக்கை வாசிப்பார்கள். அவர்கள் சந்தித்த விதத்தைக் கஞ்சி அக்காவே பிற்பாடு டீச்சரிடம் சொன்னார். "கீழ நின்னு ஹாரன் அடிப்பாங்க. நான் ஜன்னலப் புடிச்சுக்கிட்டு எட்டிப் பாக்கணும். அந்தம்மா கைய ஆட்டும். நானும் ஆட்டுவேன். அவ்வளவுதான் டீச்சர் ஆறுதல்."

ஒரு நாள் அவர்கள் வந்தபோது கட்டடத்து வாசலில் பிண வண்டி நின்றது. இரண்டாம் மாடியில் யாரோ ஒரு பெரியவர் இறந்திருக்கிறார். தம்பதி காரை விட்டு இறங்கவில்லை. யாரென்று விசாரிக்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு நேரே தலைவரிடம் போய், கஞ்சி அக்கா காலமாகிவிட்டார் என்றார்கள். அடக்கம் எப்போது என்று தலைவர் கேட்டிருக்கிறார். சொந்தக்காரர்கள் வெளியூருக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்று இருவரில் ஒருவர் வாய் கூசாமல் சொல்லியிருக்கிறார். ஊதா அட்டை ஏறியது. ஞாயிற்றுக்கிழமை மைக்கில் பெயர் வாசிக்கப்பட்டது. சபை கூடத்தில் உட்கார்ந்து முப்பது நாள், ஒரு நாள் விடாமல், அவருடைய ஆன்மாவுக்காகச் செபமாலை சொன்னது. உயிரோடு இருக்கிறவளைப் பார்க்க மூன்று மாடி ஏற முடியாதவர்களுக்கு, செத்தவளுக்காக முப்பது நாள் முழந்தாளிட முழங்கால் இருந்தது.

டீச்சரும் அந்த முப்பது நாளும் செபமாலை சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். கஞ்சி அக்காவை இரண்டு வருடத்துக்கு முன் கடைசியாக மருத்துவமனைக்கு ஓட்டிப் போனவர் அவர்தான். "அடக்கம் எந்த ஊர்ல, எந்தக் கோவில்லன்னு நான் ஒரு வார்த்தை கேக்கலியே. லைசென்ஸ் வாங்க வர்றவன ஆயிரம் கேள்வி கேக்கறவ நான்" என்று இன்றும் தன்னையே திட்டிக்கொள்கிறார்.

ஏழு வாரம் கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குப் பயிற்சி. தெரு வேலை நடந்ததால் வழக்கமான பாதையை விட்டு அந்தக் கட்டடத்து வழியே வண்டி போனது. மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைத் துணி காய்ந்தது. நாலு முனையும் இழுத்துக் கிளிப் போட்டு, ஓரம் ஒரு விரல் அளவு மடித்து, சுருக்கம் இல்லாமல். பீடத்துணியை அப்படிக் காயப்போட அந்த ஊரில் ஒருவருக்குத்தான் தெரியும். டீச்சர் பிரேக்கை அழுத்தினார். ஓட்டிக்கொண்டிருந்த பெண் "நான் என்ன தப்பு பண்ணேன் டீச்சர்?" என்று கேட்டு முடிப்பதற்குள் கார்க் கதவு திறந்து கிடந்தது.

மூன்றாம் மாடியில், திறந்திருந்த வீட்டுக் கதவை ஒட்டிப் போட்ட நாற்காலியில் கஞ்சி அக்கா உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார்.

"வா டீச்சர். என் ஆத்துமாவுக்கு எல்லாரும் வேண்டிக்கிட்டீங்களாமே. பலன் இருக்கு. இடது முழங்கால் கொஞ்சம் பரவாயில்ல."

டீச்சர் உள்ளே வந்தார். "ஏன்க்கா ஒரு போன் போடல?" என்றார்.

"அந்த மைக்குல என் பேரக் கேட்டதும் போட்டிருக்கலாம். போடல. செத்த வீடுன்னா நாலு பேரு வருவாங்கல்ல, யாரு வர்றாங்கன்னு பாப்போம்னு கதவத் தெறந்து வெச்சுக்கிட்டு உக்காந்தேன்." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "பக்கத்து வீட்டுப் பொண்ணு சாமான் வாங்கிக் குடுக்குது. வயித்துக்குக் குறையில்ல. நன்மை வாங்கித்தான் ஏழு வாரமாச்சு."

டீச்சர் கீழே இறங்கிய வேகத்தில் நேராகப் பங்குத்தந்தையிடம் போனார். அவர் நல்லவர், இளையவர், குரல் உயர்த்தத் தெரியாதவர். கேட்டதும் முகம் வெளுத்து, அன்று மாலையே நன்மை கொண்டு போவதாகச் சொன்னார். டீச்சர் மறுபடி படியேறி அதைத் தெரிவித்தபோது கஞ்சி அக்கா தலையாட்டி மறுத்துவிட்டார். "செத்துட்டேன்னு ஊருக்கே மைக்குல சொன்னீங்க. உயிரோட இருக்கேன்னும் அதே மைக்குல சொல்லுங்க. மேல கொண்டாந்து ரகசியமா குடுத்தா, நான் ரகசியமாத்தான் உயிரோட இருக்கணும்." அவர் கேட்டது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் டீச்சர் அதைக் கேட்டார். வருகிற ஞாயிறு சபையின் ஐம்பதாம் ஆண்டு விழா. ஆயர், அதாவது பிஷப், வருகிறார். திருப்பலி முடிவில் சிறந்த சந்திப்பாளர்களுக்குக் கேடயம். யாருக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. ஜவுளிக்கடை அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். அவருடைய கணவர் மேசை விரிப்பின் பூக்களை ஆராய்ந்தார்.

"டீச்சர், தவறு நடந்துபோச்சு. மனுஷன்னா தவறு நடக்கும்" என்றார் தலைவர். "விழா முடியட்டும். நாம எல்லாரும் சேர்ந்து பழக்கூடையோட போய்ப் பாத்துட்டு வருவோம். ஆயர் முன்னால நம்ம சபை பேரு கெடணுமா?"

"பழம் யார் கேட்டா? அவங்க பேரக் கேக்கறாங்க."

"நீங்க உணர்ச்சிவசப்படறீங்க."

"ஆமாங்கய்யா. உயிரோட இருக்கிறவங்களப் பொதைச்சுட்டு, ஏன்னு கேட்டா உணர்ச்சியாம். மூணு மாடி. அறுபத்திரெண்டு படி. நான் எண்ணிக்கிட்டு ஏறினேன். வருஷம் பூரா ஏறினதா இதே ரூம்ல நின்னு வாசிச்சாங்க. அந்தப் படியில ஒண்ணாவது இவங்களுக்குத் தெரியுமான்னு கேளுங்க."

யாரும் கேட்கவில்லை. பங்குத்தந்தை மட்டும், "பாக்கலாம் டீச்சர், பாக்கலாம்" என்றார். இந்தப் 'பாக்கலாம்' என்ற சொல்லுக்குத் தமிழில் 'மாட்டேன்' என்றுதான் பொருள் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். டீச்சர் நம்ப விரும்பினார். தலைவர் கஞ்சி அக்காவின் ஊதா அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்து, வெள்ளை அட்டை எழுதத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கோவிலுக்குப் போகவில்லை. திருமணமான நாளிலிருந்து அவர் ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. வீட்டுக்காரர் மட்டும் கிளம்பினார். டீச்சர் அறுபத்திரண்டு படியும் ஏறிக் கஞ்சி அக்காவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கஞ்சி அக்கா தேய்த்த வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார்கள். சின்னத் திரையில் ஆயர், பூ அலங்காரம், முன்வரிசையில் கேடயத்துக்காகக் காத்திருக்கும் தம்பதி.

மன்றாட்டு வந்தது. தலைவர் மைக்கின் முன் வந்து தொண்டையைச் செருமினார். நோயாளிகளுக்காக என்று தொடங்கி நிதானமாகப் பெயர்களை வாசித்தார். டீச்சர் கை விரல்களை மடக்கிக்கொண்டு வந்தார். பதினேழு பெயர். அதில் இல்லை. அடுத்து இறந்தவர்கள். பன்னிரண்டு பெயர். அதிலும் இல்லை. காணிக்கைப் பாட்டு தொடங்கிவிட்டது.

கஞ்சி அக்கா திரையைப் பார்த்தபடியே இருந்தார். "ரெண்டுலயும் இல்லியே டீச்சர்" என்றார். அழவில்லை. சேலைத் தலைப்பின் ஓரத்தை ஒரு விரல் அளவு மடித்து, நீவி, மறுபடி பிரித்தார்.

டீச்சர் எழுந்தார். வாசல் கதவை விரியத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி ஸ்டூலை முட்டுக் கொடுத்தார். சேலையை இடுப்பில் இழுத்துச் செருகினார்.

"கோவில் இங்கேருந்து கார்ல அஞ்சு நிமிஷம்க்கா. நன்மை குடுக்க இன்னும் நேரமிருக்கு."

"என்னால எப்படி டீச்சர், இந்தக் காலோட..."

டீச்சர் திரும்பி, நாற்காலிக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினார். இரண்டு கைகளையும் பின்னால் நீட்டி வைத்துக்கொண்டு, "ஏறுங்கக்கா" என்றார்.