ஐந்து பேருக்கு இரண்டு கூடை

என் அண்ணனைப் பற்றி நான் சொன்னால் அது ஒருதலைப்பட்சமாகத்தான் இருக்கும். நான் அண்ணியின் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணனை ‘அவன்’ என்பேன், அண்ணியை ‘அவர்’ என்பேன். ஏன் என்று கேட்கிறவர்கள் அந்த வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து கேட்கலாம்.

அண்ணனுக்குத் தொழில், வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து பொருத்துவது. கூட வேலை செய்கிறவர்கள் அவனை ‘டேப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. இடுப்பில் அளவு டேப் இல்லாமல் அவனை நான் பார்த்தது அவன் கல்யாணத்தன்று ஒரு நாள்தான். அன்றைக்கும் அது நண்பன் ஒருவனின் சட்டைப் பையில் இருந்ததாகப் பிறகு தெரிந்தது. கட்டில் வாங்கினால் கட்டிலை அளப்பான், வாசற்கதவை அளப்பான், கட்டிலைத் தூக்கி வரும் ஆட்களின் தோளையும் அளப்பான். கேக் வாங்கக் கடைக்குப் போனவன், அங்கிருந்து எனக்கு ஃபோன் பண்ணி, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு எத்தனை அங்குலம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னவன்.

“கண்ணாலயே பார்த்தா தெரியாதா உனக்கு?” என்று கேட்டேன்.

“கண்ணு ஏமாத்தும். டேப்பு ஏமாத்தாது” என்றான். இதுதான் அவனுடைய வேதம்.

நான் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். கீழ்வீட்டில் அண்ணன், அண்ணி, இரண்டு பெண்கள், மூன்று வருஷமாக எங்கள் அப்பா. சாயங்காலம் என் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துக்கொண்டு வம்பு பேசக் கீழே இறங்கிவிடுவேன். அதனால் அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை எனக்கு முழுசாகத் தெரியும்.

ஐந்து பேரில் அண்ணியைத் தவிர மற்ற நாலு பேருக்கும் நாலு நாக்கு. பெரியவள் போன வருஷம் திடீரென்று கறியை விட்டுவிட்டாள். காய்கறிதான், அதுவும் கறியோடு சேர்ந்து வெந்தது ஆகாது. சின்னவளுக்கு மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் சோறே இறங்காது. அப்பாவுக்கு எண்ணெய் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், பல்லும் பாதி இல்லை, மெத்தென்று மீன் துண்டு வேண்டும். அண்ணனுக்குக் கோழி. இத்தனைக்கும் இருந்தது ஒரே ஒரு சின்ன ஏர் ஃப்ரையர், சூடான காற்றிலேயே பொரித்தெடுக்கும் ஒற்றைக் கூடை மெஷின், யாரோ பரிசாகக் கொடுத்தது. புதுசாகக் கல்யாணமான ஜோடிக்குச் சரியாக இருக்கும். குடும்பத்துக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அதனால் சாப்பாடு தவணை முறையில் நடக்கும். முதலில் உருளைக்கிழங்கு வெந்து வரும், சின்னவள் சாப்பிட்டு எழுந்திருப்பாள். அடுத்து காய், பெரியவள். அடுத்து மீன், அப்பா. கோழி வெந்து அண்ணன் சாப்பிட்டு ஏப்பம் விடும்போது நான் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருப்பேன். அண்ணி ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றபடி விரிப்பு மடிக்கிறவர். வீட்டுக்கு வந்தும் மெஷின் பக்கத்திலேயே நிற்பார். கடைசியில், மிச்சம் இருக்கிற கிழங்கு இரண்டு, காய் நாலு, ஆறிப்போன கோழித்துண்டு ஒன்று என்று தட்டில் போட்டுக்கொண்டு, மேடையில் சாய்ந்து நின்றபடியே, என்னோடு பேசிக்கொண்டே சாப்பிடுவார். பேச்சு நன்றாக இருக்கும். அந்தத் தட்டைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணியின் பிறந்தநாள் நெருங்கியது. என்ன வேண்டும், கேள் என்றான் அண்ணன்.

“எனக்கு ஒண்ணும் வேணாங்க” என்றார் அண்ணி, கூடையைக் கழுவிக்கொண்டே. “உங்க எல்லார் கூடவும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும். அது போதும்.”

குறையாகச் சொல்லவில்லை. கடையில் உப்பு வாங்கி வரச் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் அண்ணன் பல் குத்துவதை நிறுத்திவிட்டான்.

“வெளிய ஒரு நாள் கூட்டிட்டுப் போய் சாப்பாடு வாங்கிக் குடு, முடிஞ்சுது” என்றேன் நான்.

“அது ஒரு நாள்தானே. எனக்குத் தினமும் வேணும்” என்றான் அண்ணன். உடனே எழுந்து போய்ச் சமையல் மேடையை அளக்க ஆரம்பித்தான். கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்னவர்கள், என் அண்ணனோடு ஏர் ஃப்ரையர் வாங்கிப் பார் என்பதையும் சேர்த்திருக்க வேண்டும்.

கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். விற்பனைப் பெண் பாவம், சிரித்த முகமாக வந்தாள்.

“ரெண்டு கூடை மாடல் சார். மொத்தம் ஒன்பது லிட்டர்.”

“லிட்டர் தண்ணிக்கும்மா. நாங்க என்ன தண்ணியைப் பொரிக்கப் போறோமா?” என்றான் அண்ணன். “கூடையோட அடித்தளம் எவ்வளவு? ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினா வேகுமே தவிர மொறுமொறுன்னு வராது.”

அதோடு விடவில்லை. பையிலிருந்து அட்டையில் வெட்டிய கோழிக்கால்களை எடுத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், வீட்டில் நிஜக் கோழிக்காலை அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தரித்து, எடுத்து வந்திருக்கிறான். அவற்றை ஒவ்வொரு கூடையிலும் பரப்பி, மீனுக்கு இடம் இருக்கிறதா, கிழங்குக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தான். மிக்ஸி பார்க்க வந்தவர்களும் சலவை மெஷின் பார்க்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள். நான் யாரோ போல ஃப்ரிட்ஜ் பக்கம் நகர்ந்துகொண்டேன்.

அந்தப் பெண் சளைக்கவில்லை. “சார், இதைப் பாருங்க. ஒரே பெரிய கூடை, நடுவுல தடுப்பு. தடுப்பை எடுத்துட்டா முழுக் கோழியே வைக்கலாம்.”

முழுக் கோழி என்றதும் அண்ணன் கண் மின்னியது. பெரியவளுக்கு ஃபோன் போட்டான். “தடுப்புக்கு அடியில கோழிச் சாறு ஒழுகி வரும்பா. நான் சாப்பிட மாட்டேன்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அண்ணன் ஃபோனைப் பையில் வைத்துக்கொண்டு, “முழுக் கோழி என்னிக்கோ ஒரு நாள். பெரியவ தினமும் சாப்பிடறா. தனித்தனிக் கூடையே இருக்கட்டும்” என்றான். இந்த மாதிரி நேரத்தில்தான் அவன் மேல் எனக்கு இருக்கிற கோபமெல்லாம் கரைந்துபோகிறது.

“இதுல ஒரு வசதி இருக்கு சார்” என்று ஒரு பொத்தானைக் காட்டினாள் அந்தப் பெண். “கோழிக்கு நேரம் கூட வேணும், கிழங்குக்குக் கம்மி, இல்லையா? இதை அமுக்கிட்டா கோழி முதல்ல ஆரம்பிக்கும். கிழங்கு காத்திருந்து அப்புறம் ஆரம்பிக்கும். ரெண்டும் ஒரே நேரத்துல முடியும். ரெண்டும் நிறைஞ்சிருந்தா மட்டும் கொஞ்சம் நேரம் கூட வெச்சுக்கோங்க.”

“ஒரே நேரத்துலயா?” என்று அண்ணன் கேட்டான். திரும்பவும் கேட்டான். பெரியவள் பிறந்தபோது அவன் முகத்தைப் பார்த்தவள் நான். கிட்டத்தட்ட அதே முகம்.

சரி, வாங்கிவிட்டான் என்று நினைத்தீர்களா? அப்படி வாங்கினால் அவன் டேப்பு இல்லையே. மூன்று மாடல்களின் அளவையும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பி, அட்டையில் மூன்று பெட்டி செய்தான். இழுத்தால் வெளியே வரும் கூடை உட்பட. மெஷினின் பின்னால் சூடான காற்று போக இடம் வேண்டும், மேலே அலமாரி இடிக்கக் கூடாது, கூடையை இழுக்கும்போது முழங்கை சுவரில் படக் கூடாது. “தினமும் இழுத்துப் பாரு” என்று அண்ணிக்கு உத்தரவு. அண்ணியும் வேலை முடிந்து வந்து அட்டைக் கூடையை இழுத்து, உள்ளே தள்ளி, அதற்குப் பிறகு நிஜச் சமையலைத் தொடங்குவார். அப்பா ஒரு பெட்டியின் மேல் மூக்குக்கண்ணாடியை வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினார். சின்னவள் இன்னொன்றுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து, குட் மார்னிங் சொல்ல ஆரம்பித்தாள்.

“எப்படி அண்ணி பொறுத்துக்கறீங்க?” என்று பொறுக்காமல் கேட்டேன்.

“என்னை உட்கார வைக்கறதுக்காக இந்தப் பாடு படறார். படட்டும் விடு” என்றார் அண்ணி. சிரித்தார், கண்ணிலும் சந்தோஷம் இருந்தது.

நடுப்பெட்டி ஜெயித்தது. பிறந்தநாளுக்கு முந்தின நாள் நிஜ மெஷின் வந்து, அட்டைப் பெட்டி இருந்த இடத்தில் நூல் பிசகாமல் உட்கார்ந்தது. அன்றைக்கே வெள்ளோட்டம். இடது கூடையில் கோழியும் அப்பாவின் மீனும். வலது கூடையில் கிழங்கும் காயும். அண்ணன் பொத்தானை அமுக்கிவிட்டு, விமானம் ஓட்டுகிறவன் மாதிரி எதிரிலேயே நின்றான். மெஷின் உறுமியது, வாசனை வந்தது, இரண்டு கூடையும் ஒன்றாகக் கத்தின. பெண்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பொய் சொல்லவில்லை.

அண்ணி எல்லாருக்கும் பரிமாறினார். தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டார், ஆவி பறந்தது. அப்பா உட்கார்ந்தார். பெண்கள் உட்கார்ந்தார்கள். அண்ணன் உட்கார்ந்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு, “வா, உட்காரு” என்றான்.

அண்ணி தட்டோடு நின்றார்.

மேசைக்கு நாலு நாற்காலி. நாலிலும் ஆள். ஒரு பக்கம் சுவர்.

மூன்று வருஷமாக அந்த வீட்டில் ஒருவர் எழுந்தால்தான் ஒருவர் உட்காருவார்கள். யாராவது ஒருவருடைய நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்ததே இல்லை என்பதால், ஐந்தாவது நாற்காலி இல்லை என்பது யார் கண்ணிலும் படவில்லை. மெஷினுக்குப் பின்னால் காற்று போகும் இடம் வரை அளந்தவன் கண்ணிலும் படவில்லை. அவனே செய்த மேசை, அவனே செய்த நாற்காலிகள்.

“பரவாயில்ல, சாப்பிடுங்க. எனக்கு நின்னே பழக்கம்” என்றார் அண்ணி.

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். “நான் வர்றதுக்கு முன்னாடி இது உன் நாற்காலியாம்மா?”

“மீன் ஆறுது மாமா, சாப்பிடுங்க.”

எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் வந்தது. அண்ணன் காது வரை சிவந்துபோய் எழுந்தான். அண்ணியின் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மேடைப் பக்கம் போய் நின்றபடி சாப்பிட்டான். அண்ணி உட்கார்ந்தார். உப்புக்கு எழுந்தார். உட்கார்ந்தார். அப்பாவுக்குத் தண்ணீர் வைக்க எழுந்தார். சின்னவள் இன்னும் கொஞ்சம் கிழங்கு என்றாள். “இதோ” என்று எழுந்தார். “நீ உட்காரு, நான் எடுக்கறேன்” என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள் கூடை அண்ணி கையில் இருந்தது. பாதிச் சாப்பாட்டை நின்றபடியேதான் முடித்தார். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனான். சாயங்காலம் ஒரு நீளமான பெஞ்சோடு வந்தான். மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, சுவருக்கும் மேசைக்கும் நடுவில் அதைப் போட்டான். பிறந்தநாள் என்பதால் எனக்கும் அழைப்பு. “நீ முதல்ல போ” என்று அண்ணியைப் பெஞ்சின் நடுவுக்கு அனுப்பினான். ஒரு பக்கம் பெரியவள், இன்னொரு பக்கம் சின்னவள். அப்பாவும் அண்ணனும் நானும் எதிரில் நாற்காலிகளில். முதல் கூடைகளைக் காலி பண்ணியாயிற்று. சின்னவளுக்காக நான் இரண்டாவது தடவை போட்ட கிழங்கு வெந்து, மெஷின் கூப்பிட்டது.

எல்லாரும் பழக்கதோஷத்தில் அண்ணியைப் பார்த்தோம். அண்ணியும் மேசையில் கை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் சுவர், வயிற்றுக்கு முன்னால் மேசை, இரண்டு பக்கமும் பெண்கள்.

“கொஞ்சம் தள்ளேன்டி” என்றார் பெரியவளிடம்.

“நான் சாப்பிட்டுட்டிருக்கேன்மா” என்றாள் பெரியவள், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அண்ணி இந்தப் பக்கம் திரும்பினார். சின்னவள் வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அண்ணி எதிரில் பார்த்தார். அண்ணன் தன் கோழிக்காலை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“இதையும் அளந்துதான் பண்ணீங்களா?”

“ஆமா.”

“நான் எழுந்திருக்க முடியாதபடியா?”

“அதைத்தான் முதல்ல அளந்தேன்” என்றான் அண்ணன்.

அண்ணி சிரித்தார், சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது, புறங்கையால் துடைத்துக்கொண்டார். எழப் பார்த்த கையை மேசையிலிருந்து எடுத்தார். சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

“அப்போ நீங்க போய் எடுத்துட்டு வாங்க. வலது கூடை” என்றார். “எனக்கு நல்லா சிவந்ததாப் பார்த்து எடுங்க. கருகினது வேணாம்.”

அண்ணன் எழுந்து போனான். அண்ணி தட்டை முன்னால் நகர்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.